எழுதிய ஓவியமும் வார்த்த ஓவியமும்

ஓவியத்தை எழுதுகிறோம், வரைகிறோம், தீட்டுகிறோம் என்றுதான் தமிழில் சொல்லி வந்திருக்கிறோம். மூன்று வினைகளிலும் ஒரு கை மறைந்திருக்கிறது. அந்தக் கையில் ஒரு கோலோ தூரிகையோ இருக்கிறது. வார்த்தல் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வினை. கோயில் மணியை வார்க்கிறார்கள். செப்புத் திருமேனியை வார்க்கிறார்கள். வீட்டில் நாம் தோசை வார்க்கிறோம். சரியான பதத்தில் இருக்கும் ஒரு பொருளை உரிய நேரத்தில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அந்தப் பொருளின் ஓட்டத்துக்கும் சூட்டுக்கும் ஒப்படைத்துவிடுவது வார்த்தலின் இயல்பு. தேர்ச்சியெல்லாம் ஊற்றுவதற்கு முன்பாகவோ, ஊற்றும் அந்தச் சில கணங்களுக்குள்ளாகவோ முடிந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓவியம் இந்த இரண்டாம் குடும்பத்துக்குள் நுழைந்தது. இன்று நிறமூட்டிய பிசினை ஊற்றி அரூப ஓவியம் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் ஸிம்மர்மன் அவர்களில் நன்கு அறியப்பட்டவர். எபாக்ஸி என்னும் தொழிற்சாலைப் பிசினில் நிறத்தைக் கலந்து, படுக்கவைத்த திரைச்சீலையின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அவர் ஊற்றுகிறார். பிசினோடு இறுக்கும் திரவத்தைக் கலந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கலவை தானாகவே சூடேறும், தேனைப்போல் பரவும், சமதளத்தைத் தேடி நிற்கும், பிறகு கண்ணாடிபோல் உறைந்துவிடும். உறைந்தபின் அதில் ஒரு கோட்டைக்கூட மாற்ற இயலாது. மேலடுக்கின் வழியே கீழடுக்கு தெரியும். நிறங்கள் நீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும். தூரிகையின் தடம் எங்கும் இராது.

இதைத் தொழிற்சாலை யுகத்தின் விளையாட்டு என்றும், நமக்குத் தொடர்பில்லாதது என்றும் ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கலைஞர் முன்வைக்கும் கேள்வி மிகப் பழையது: நிறத்தை எது பிடித்து நிறுத்துகிறது, எத்தனை காலத்துக்கு? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தச் சாலையின் இரு பக்கமும் உள்ளே தள்ளியிருக்கும் சில ஊர்களில் இந்தக் கேள்விக்கான விடைகள் கல்லிலும் காரையிலும் கிடக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், வார்த்த ஓவியத்தைப் பற்றி மட்டுமின்றி, நம்முடைய பழைய ஓவியங்களை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல முடியும்.

*

முதலில் ஊற்றுதலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. 1936இல் மெக்ஸிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகைரோஸ் நியூயார்க்கில் ஒரு பட்டறை நடத்தினார். கார்களுக்குப் பூசும் வண்ணங்களைப் பலகைமேல் ஊற்றியும் சிந்தியும் அங்கே சோதனைகள் செய்தார்கள். அங்கிருந்த இளைஞர்களில் ஒருவர் ஜாக்சன் பொல்லாக். 1947 முதல் அவர் திரைச்சீலையைத் தரையில் விரித்து அதன்மேல் வண்ணத்தைச் சொட்டவிட்ட கதை அனைவரும் அறிந்தது. 1952இல் ஹெலன் ஃப்ராங்கன்தாலர் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பூச்சில்லாத துணியில் ஊற்றி ஊறவிட்டார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாரிஸ் லூயிஸ் 1954இல் தொடங்கி, அக்ரிலிக் பிசினில் ஆன வண்ணத்தைச் சரிவான துணியில் வழியவிட்டுத் திரைகளைப் போன்ற ஓவியங்களைச் செய்தார். 1960களின் இறுதியில் லிண்டா பெங்லிஸ் திரைச்சீலையையும் கைவிட்டார். நிறமூட்டிய ரப்பர்ப்பாலை நேரே தரையில் ஊற்றினார்; உறைந்த அந்தப் பரப்பே படைப்பாயிற்று.

இந்த வரிசையில் ஒரு திசை தெரிகிறது. எந்த வண்ணத்திலும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நிறம் தரும் தூள். மற்றொன்று அந்தத் தூளைப் பிடித்து வைக்கும் பசை. எண்ணெய், கோந்து, முட்டைக்கரு, சுண்ணாம்பு, பிசின் எல்லாம் இந்த இரண்டாவது பொருளின் வடிவங்களே. மரபான ஓவியத்தில் பசை பணியாள். அது வேலையைச் செய்துவிட்டுக் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிசினை ஊற்றும் ஓவியர் அந்தப் பணியாளை அரங்கின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவருடைய படத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பசைதான். நிறம் அதற்குள் மிதக்கும் விருந்தாளி.

தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு அரூப ஓவியம் புதிதன்று. கே.சி.எஸ். பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துகளைப் போலிருக்கும் படிக்க இயலாத குறிகளைக் கொண்டு ஓவியங்கள் செய்தார். காந்தியைக் கோடுகளில் வரைந்தவரும், நாம் வாசித்த எத்தனையோ நூல்களின் அட்டைக்கு முகம் கொடுத்தவருமான ஆதிமூலம் (1938–2008) பிற்காலத்தில் கோட்டை விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குள் போனார். 1966இல் சென்னைக்குத் தெற்கே பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்ப ஆண்டுகளில் கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தில்தான் நின்றது. அவற்றுள் முக்கியமானது பத்திக். உருக்கிய மெழுகைத் துணியில் இட்டு, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏறச் செய்யும் வேலை அது. நவீன ஓவியத்தின் தென்னகக் கூடாரத்துக்குச் சோறு போட்டது, உருகி உறையும் ஒரு பொருள்.

*

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போகும்போது உள்ளே தள்ளி இருக்கிறது திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும் வக்கிரகாளிக்கும் பெயர்பெற்ற ஊர். ஊருக்கு அருகே செம்மண் மேட்டில் கல்மரங்கள் கிடக்கின்றன. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதினார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்படும் இந்த மரங்களுக்கு வேரோ கிளையோ இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த அடிமரங்கள் இவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி, மட்கிக்கொண்டிருந்த மரப்பொருளின் இடத்தைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது. மரம் போய்விட்டது, அதன் வளையங்களும் நார்களும் கல்லாக நின்றன.

ஆள் இல்லாமல் நடந்த வார்ப்பு என்று இதைச் சொல்லலாம். இப்போது தமிழ்நாட்டு நகரங்களில் திருமண மாலையின் பூக்களைப் பிசினில் உறையவைத்துச் சட்டமிட்டுத் தருவது ஒரு தொழிலாகிவிட்டது. அந்தத் தொழிலின் ஆசையும் திருவக்கரையில் நடந்ததும் ஒரே திசையில் இருப்பவை: அழியக்கூடியதைத் தெளிந்த ஒரு பொருளுக்குள் நிறுத்திவிடுவது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. எபாக்ஸி ஒரு நாளில் இறுகுகிறது. திருவக்கரையில் பொருள் ஊறுவதற்கு அவசரம் இருக்கவில்லை; அதனால்தான் அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.

விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கும் கீழ்வாலையில் பாறைகளின்மேல் செங்காவியால் எழுதிய உருவங்கள் உள்ளன. பறவைத் தலையைப் போன்ற முகத்தோடு விலங்கின்மேல் அமர்ந்த ஒருவன், அதை இழுத்துச் செல்லும் மற்றொருவன், படகு, மனிதர்கள், இவற்றுக்கருகே சில குறிகள். அந்தக் குறிகளைச் சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிட்டவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. நமக்கு இங்கே முக்கியமானது அந்தக் காவி. செங்காவி என்பது இரும்பு ஆக்ஸைடு, அதாவது துரு. இனிமேல் துருப்பிடிக்க முடியாத நிலையை ஏற்கெனவே அடைந்துவிட்ட பொருள். ஆகவே வெயிலால் அதை வெளுக்க வைக்க முடிவதில்லை. எழுதியவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்களா, கைக்கெட்டிய மண்ணை எடுத்துக்கொண்டார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விளைவு ஒன்றுதான். படிக்க முடியாத குறிகள் பல தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன. பணிக்கரின் படிக்க இயலாத எழுத்துகளுக்கு முன்னோடி தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

*

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் மண்டகப்பட்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து எடுத்த கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இந்த ஆலயத்தைச் செய்வித்தான் என்பது அதன் பொருள். கோயில் கல்வெட்டுகளில் பொதுவாகத் தந்தது என்ன என்று எழுதுவார்கள். இவன் விட்டது என்ன என்று எழுதினான். தன் படைப்பைப் பொருள்களின் பட்டியலால் வரையறுத்தவன் அவன். இன்றைய கண்காட்சிக் கூடத்தில் ஓவியத்தின் கீழே ‘எபாக்ஸிப் பிசின், திரைச்சீலை’ என்று எழுதி ஒட்டும் வழக்கத்துக்கு அந்தக் கல்வெட்டு உறவுமுறை.

விட்ட நான்கும் அழியும் பொருள்கள் என்பதைக் கவனிக்கலாம். மரம் மட்கும், உலோகம் உருகும், செங்கல் உதிரும், சுதை பெயரும். மகேந்திரன் தன்னைச் சித்திரகாரப்புலி என்று அழைத்துக்கொண்டவன்; ஓவியருள் புலி. ஆனால் ஓவியம் சுதை இல்லாமல் நிற்காது. கல்லின்மேல் காரை பூசி, அதன்மேல்தான் எழுத வேண்டும். கட்டடக்காரனாகச் சுதையைத் துறந்த மன்னன் ஓவியனாக அதைத் துறக்க முடியாது. பல்லவர் கலை இந்த முரணோடுதான் வளர்ந்தது.

அந்த முரணின் மறுமுனையை, அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பனைமலையில் பார்க்கலாம். மகேந்திரனுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் இராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. விமானத்தோடு ஒட்டிய சிறு சன்னிதி ஒன்றின் சுவரில் தேவியின் ஓவியம். தலையில் உயர்ந்த மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஊன்றிச் சாய்ந்து நிற்கும் உடல், சற்றே தாழ்ந்த கண்கள். பல்லவர் ஓவியத்தைப் பற்றி எழுதுபவர் யாரும் இவளைக் குறிப்பிடாமல் போவதில்லை. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ-துப்ரேய் போன்றவர்கள் 1920களிலும் 30களிலும் தேடிப்போய்ப் பதிவு செய்திராவிட்டால், சித்தன்னவாசலும் காஞ்சிக் கைலாசநாதரும் பனைமலையும் வெள்ளையடிப்புக்குள் இன்னும் சில தலைமுறை உறங்கியிருக்கக் கூடும்.

தேவியை இங்கே பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பை நீரில் அவித்துக் காரையாக்கிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. காரை ஈரமாக இருக்கும்போது எழுதினால் நிறம் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படும். உலர்ந்தபின் எழுதினால் சுண்ணாம்பு நீரோ கோந்தோ துணை வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் தென்னாட்டுச் சுவரோவியங்களின் காரையையும் நிறங்களையும் ஆய்ந்து எழுதியது இந்த நுட்பங்களைப் பற்றித்தான். எபாக்ஸியைப் போலவே இதுவும் ஒரு வேதிவினை. ஓவியருக்கு இங்கும் கடிகாரம் உண்டு. ஈரம் இருக்கும் வரைதான் சுவர் அவருடையது.

தேவி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? அருகே ஆடிய சிவனின் நடனத்தை. அந்தச் சிவன் இன்று பெரும்பாலும் இல்லை. காரை பெயர்ந்தும் நிறம் தேய்ந்தும் சில கோடுகளும் செம்மஞ்சள் திட்டுகளும் எஞ்சியிருக்கின்றன. உருவம், அருவம், அருவுருவம் என்று சைவம் மூன்று நிலைகளைச் சொல்கிறது. பனைமலைச் சுவரில் உருவம் அருவத்தை நோக்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த அழகை நான் நம்பவில்லை. ஓவியர் தேர்ந்தெடுக்கும் அரூபம் ஒன்று. காலமும் அலட்சியமும் களவாடியதன் மிச்சம் வேறொன்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியலாம். ஒன்றாக்கிப் பேசினால், இழப்பை ரசனையாக மாற்றிக்கொண்டவர்கள் ஆவோம்.

*

நம் மரபில் பிசினும் இருந்தது. வராகமிகிரரின் ‘பிருகத் சம்ஹிதை’ வச்சிரலேபம் என்ற பூச்சைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. காய்களையும் பூக்களையும் பட்டைகளையும் நீரில் இட்டு எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, குங்கிலியம், குங்குலு முதலிய பிசின்களைச் சேர்த்து, சூடாகக் கோயிலிலும் படிமத்திலும் சுவரிலும் பூசச் சொல்கிறது. அது கோடி ஆண்டுகள் நிற்கும் என்பது அந்நூலின் வாக்குறுதி. சுவாமிமலையில் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துத்தான் கருவை உருவாக்குகிறார்கள். பொற்கொல்லர்கள் உள்ளீடற்ற நகைக்குள் அரக்கை உருக்கி ஊற்றுகிறார்கள். தங்கத்துக்கு உள்ளே இருந்து வடிவத்தைத் தாங்குவது ஒரு பூச்சி கக்கிய பிசின்.

ஆனால் கோடி ஆண்டு வாக்குறுதியைப் பிசின் எப்போதும் காப்பாற்றுவதில்லை. அஜந்தா அதற்குச் சாட்சி. 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரு வல்லுநர்களை வரவழைத்தது. பெயரும் நிலையிலிருந்த வண்ணத்தை ஒட்டவைக்க அவர்கள் அரக்கு மெருகைப் பூசினார்கள். நல்ல எண்ணத்தோடும் அன்றைய சிறந்த அறிவோடும் செய்த வேலை அது. காலப்போக்கில் அரக்கு மஞ்சளித்துப் பழுப்பேறியது. அதன் கீழே இருந்த நீலமும் பச்சையும் மங்கின. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் அந்த அரக்கைக் கரைத்தெடுக்கப் பாடுபட வேண்டியிருந்தது.

நவீனப் பிசின்களும் இதே சோதனைக்கு உட்பட்டவை. 1930களில் உருவான எபாக்ஸி, 1946இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உடைந்த கைப்பிடியை ஒட்ட நம் வீடுகளிலும் இருந்தது. வெயிலின் புறஊதாக் கதிரில் அது மஞ்சளிக்கும். 1970இல் 34 வயதில் இறந்த ஈவா ஹெஸ்ஸ ரப்பர்ப்பாலிலும் கண்ணாடி இழையிலும் செய்த படைப்புகளில் பல இன்று பழுப்பேறி விறைத்துப்போயின. அவருடைய பெரும் படைப்பு ஒன்றை நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் ஏறத்தாழ 35 ஆண்டுகள் காட்சிக்கு வைக்க இயலாமல், நீண்ட செப்பனிடலுக்குப் பிறகு 2022இல்தான் மீண்டும் வைத்தது. ஓவியர் எந்தப் பசையைத் தேர்ந்தாலும் அது காலத்தின்மேல் கட்டும் பந்தயம். தன் படைப்பின்மேல் அந்தப் பந்தயத்தைக் கட்ட அவருக்கு உரிமை உண்டு. இன்னொருவர் படைப்பின்மேல் கட்ட நமக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி விழுப்புரத்துக்காரர்களுக்குப் புத்தகக் கேள்வியன்று. செயற்கைப் பிசின் நம் கிராமங்களுக்குள் கலைக்கூடம் வழியாக வரவில்லை. எனாமல் டப்பாவில் வந்தது. எனாமலும் எமல்ஷனும் நிறமூட்டிய பிசின்களே. குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் பழைய கல் துவாரபாலகருக்கு நீலமும் சிவப்பும் ஏறுவதை, சுதைச் சிற்பத்தின் மூக்கும் விரலும் பூச்சின் தடிப்பில் மழுங்குவதை, தூணின் கல்வெட்டு வெள்ளைக்குள் மறைவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லும் காரையும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் பொருள்கள். பிசின் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. உள்ளே தங்கிய ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, பூச்சையும் அதன் கீழுள்ள தோலையும் ஒன்றாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. பிறகு அந்தப் பூச்சை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அதில் எழுத்துகளும் நகாசும் தேய்ந்தன. வெறுப்பால் அழிந்தவற்றைவிட அன்பால் மூடப்பட்டு அழிந்தவை நம்மிடம் அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

பிசினை ஊற்றும் ஓவியரிடமிருந்து இந்த இடத்தில் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். தன் பொருள் எப்போது இறுகும், எதை ஏற்கும், எதை விலக்கும் என்று அறியாமல் அவர் ஒரு துளியும் ஊற்றுவதில்லை. ஊற்றியபின் திருத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். பழைய சுவரின் முன் நிற்கும் அறங்காவலருக்கும் பொறியாளருக்கும் பக்தருக்கும் அந்த அச்சம் வேண்டும். சுண்ணாம்பில் எழுதியதைச் சுண்ணாம்பைக் கொண்டே தாங்க வேண்டும். எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் அதை நீக்கக்கூடியதாகச் செய்ய வேண்டும். இவை பாதுகாப்புக் கலையின் பாலபாடங்கள். மண்டகப்பட்டின் மன்னன் சொன்னதும் ஒருவகையில் இதுதான். எதைப் பயன்படுத்தினோம் என்பதைப் போலவே எதைப் பயன்படுத்தவில்லை என்பதையும் கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பனைமலைக்குப் போகிறவர்கள் குன்றேறி, அந்தச் சிறு சன்னிதிக்குள் கண் பழகும் வரை சற்று நிற்க வேண்டும். முதலில் சுவர் மட்டும் தெரியும். பிறகு குடை, மகுடம், மடித்த கால். தேவியைப் பார்த்து முடித்தபின் அவள் பார்வை போகும் பக்கம் திரும்பினால், ஏறத்தாழ வெறும் காரை. ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளாக அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடியவர் கண்ணெதிரே கரைந்துபோனார். பார்த்தவளையாவது அந்தச் சுண்ணாம்பு இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.